பானிபட்டில் மாதவ ராவ்

பானிபட் போர்க்கள மண்ணைக் கேசவ ராவ் நெற்றியில் பூசிக்கொண்டார். ஓசூரிலிருந்து மூன்று நாள் கார் ஓட்டி வந்த களைப்பே தெரியவில்லை. இங்கே போரிட்ட முன்னோரின் வீரக் கதையைச் சொல்லித்தான் ஃபேக்டரியில் லீவு வாங்கியிருந்தார்.

"எங்க வம்சத்துக்கே முதல் ஆளு மாதவ ராவ். மராட்டியப் படையில சேர்ந்து, பதினெட்டு வயசுல இங்கதான் உயிரை விட்டாரு" என்றார்.

"கல்யாணம் ஆயிருந்துச்சா?" என்று கேட்டாள் மனைவி சரளா.

"சண்டைக்குப் போறவருக்கு அதுக்கெல்லாம் ஏது நேரம்?"

"அப்ப உங்க வம்சம் எப்படி வந்துச்சு?"

ராவ் ஓசூரில் இருந்த அப்பாவைச் செல்போனில் கூப்பிட்டுக் கேட்டார்.

"செத்தாருன்னு யாருடா சொன்னது? பானிபட்டுக்குப் போனாருன்னுதானே சொன்னேன். பீரங்கிச் சத்தம் கேட்டதும் குதிரையைத் திருப்பினவரு, ஓசூர் வந்துதான் நின்னாராம். அப்புறம் இங்கயே பொண்ணு பார்த்துக் கட்டி வச்சாங்க. வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத."

ராவ் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, காரைத் தெற்கே திருப்பினார்.

"ஏங்க, எதுக்கு இவ்ளோ வேகம்?" என்றாள் சரளா.

"என்ன பண்றது, பரம்பரை வழக்கம்" என்றார் ராவ்.