தொண்ணூறு தினார்

குவைத்தில் வேலை பார்த்த ரெமிஜியுஸ், தூத்துக்குடியில் இருந்த அம்மா லூர்தம்மாளுக்கு இணையக் கடையில் காது மிஷின் வாங்கி அனுப்பினான். விலை கேட்டதற்கு, "தொண்ணூறுதாம்மா" என்றான். அவன் போனில் தினார்க் கணக்கில் அப்படித்தான் காட்டியது. மலிவுதானே என்று அவளும் அடுப்படியில்கூட அதைக் கழற்றவில்லை.

பேட்டரி மாற்றத் தெரியாமல் ஒருநாள் அவள் திணறியபோது, படம் போட்டிருந்த அந்தக் கடைப் பக்கத்தை அவள் போனுக்கு அனுப்பினான். அங்கே விலை ரூபாயில் தெரிந்தது: இருபத்தைந்தாயிரம்.

"எய்யா, இம்புட்டுத் துட்டையா காதுல மாட்டிட்டுத் திரிஞ்சேன்? பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன்."

அந்தப் பக்கத்தை அனுப்பியிருக்கவே கூடாது என்று நொந்துகொண்டு, இப்போதும் வெள்ளிக்கிழமைதோறும் கூப்பிடுகிறான்.

"எம்மா, அத எடுத்துப் போட்டுக்கிடும்மா" என்று கத்துகிறான்.

"சாப்ட்டேன்யா. நீ சாப்ட்டியா?" என்கிறாள் அவள்.