மிசோ என்றொரு வீரன்

கருமம், இதையெல்லாம் எவன் காசு கொடுத்து வாங்குகிறான் என்று திட்டிக்கொண்டே திரையில் வந்த அடுத்த சளிப் பூதத்தை வெட்டினேன்.

அது பூதம்கூட இல்லை. யாரோ மூக்கைச் சிந்திப் போட்டதற்குக் கண் வைத்த மாதிரி ஒன்று. வெட்டினால் இரண்டாகிறது, இரண்டும் என்னைப் பார்த்து இளிக்கின்றன. செத்த பிறகு வழிகிற பச்சைக் கூழை என் வீரன் குப்பியில் பிடித்துக்கொள்கிறான். காயம் பட்டால் அதைத்தான் குடிக்க வேண்டுமாம்.

எதிரே உதோன் கிண்ணத்தில் நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது.

ஒகயாமா ஸ்டேஷனுக்குள் நின்றுகொண்டே சாப்பிடுகிற கடை அது. சனிக்கிழமை மதியம், எங்கள் இருவருக்கும் வேலை இல்லாத ஒரே வேளை. என்னோடு டிராம் ஓட்டும் குவபாரா பக்கத்தில் நின்று உறிஞ்சிக்கொண்டே, என் கையிலிருந்த வீடியோ விளையாட்டுப் பெட்டியை எட்டிப் பார்த்தான்.

நேற்றுதான் வாங்கினேன். விளையாட்டின் தொடக்கத்தில் ராஜா பேசி முடிப்பதற்குள் தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் வீரன் கண்ட வீட்டுக்குள் எல்லாம் செருப்பைக்கூடக் கழற்றாமல் நுழைந்து, பானையை உடைத்து, உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்கிறான். வீட்டுக்காரி பார்த்துக்கொண்டே நிற்கிறாள். இன்று நல்ல வெயில் என்கிறாள். மறுபடி கேட்டாலும் அதேதான். இதைப் பிள்ளைகள் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

தோளில் ஒரு தேவதை வேறு. ஈ மாதிரி மொய்த்துக்கொண்டு, எதற்கெடுத்தாலும் கீச்சென்று கத்துகிறது.

எடுத்த எடுப்பில் அந்த விளையாட்டு என் வீரனுக்குப் பெயர் கேட்டது. ஒன்றும் தோன்றாமல் வீட்டில் இருக்கிற ஆமையின் பெயரை வைத்தேன். மிசோ.

"ஏம்ப்பா ஓகினோ, இளவரசிய மீட்கப் போறவனுக்கு வைக்கிற பேராப்பா இது? சூப்புப் பேரு" என்றான் குவபாரா.

நான் வைத்த பெயர் இல்லை. என் மகள் சயோ சின்னப் பிள்ளையாக இருந்தபோது வைத்தது. விவாகரத்தான பிறகு அவளும் அவள் அம்மாவும் போன அடுக்குமாடியில் பிராணிகள் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆமை என்னோடு தங்கிவிட்டது. தொட்டி நாறும். இந்த விளையாட்டில் வருகிற சதுப்பு நிலத்தைப் பார்த்தாலே எனக்கு அந்த நாற்றம்தான் வருகிறது.

பிறகு ஏன் வாங்கினாய் என்று குவபாரா கேட்கவில்லை. வாங்கச் சொன்னதே அவன்தான்.

பெட்டியை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தால் போதும். இதே விளையாட்டை வைத்திருக்கும் யாராவது அருகில் கடந்து போனால், இரண்டு பெட்டிகளும் தாமாகவே பேசிக்கொள்கின்றன. அவர்களுடைய வீரன் நம் கிராமத்துக்கு வருவான். அவர்கள் எழுதி வைத்த ஒரு வரியைச் சொல்லிவிட்டுப் போவான்.

குவபாராவின் மகளும் சயோவும் ஒரே வகுப்பு. வகுப்பில் எல்லோரிடமும் இது இருக்கிறதாம், சயோவிடமும். எல்லோரும் இந்த ஸ்டேஷன் வழியாகத்தான் வீடு திரும்புகிறார்கள்.

அவள் வீட்டுக்கு நான் போகக் கூடாது. பள்ளி வாசலில் நிற்கக் கூடாது. போன் செய்யக் கூடாது. சயோவே உங்களைப் பார்க்க விரும்பவில்லை என்று அவள் அம்மா வக்கீல் மூலம் சொல்லி அனுப்பிவிட்டாள். மற்றதெல்லாம் சரி, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

இந்தக் கடையில் உதோன் சாப்பிடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

ரயில் வந்தது. நீலச் சீருடைகள் கும்பலாகக் கடையைத் தாண்டின. பெட்டியை மூடிப் பையில் போட்டுக்கொண்டு, தலையைத் தூக்காமல் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் போய்ப் பேசிவிடுவேன் என்று பயம்.

கூட்டம் கலைந்த பிறகு எடுத்தேன். மூலையில் பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருந்தது.

முதலில் வந்த வீரன் தங்கக் கவசம் போட்டிருந்தான். அவனுடைய வரி குசுவைப் பற்றியது. அடுத்தவனுடையதும் அதேதான். இந்த நாட்டு எதிர்காலத்தை நினைத்து எனக்கு அருவருப்பாக இருந்தது.

மூன்றாவதாக ஒருவன் வந்தான். கவசம் இல்லை, நல்ல வாள் இல்லை. யாரோ வேண்டா வெறுப்பாக விளையாடியிருக்க வேண்டும், முதல் கிராமத்தைக்கூடத் தாண்டவில்லை.

மிசோ மிசோவைச் சந்தித்தான் என்று திரையில் எழுத்து ஓடியது.

பெட்டி கெட்டுவிட்டதோ என்று குவபாரா முணுமுணுத்தான். பிறகு அவனே கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

வந்த மிசோ வாயைத் திறந்தான்.

"அப்பா, என் தொட்டித் தண்ணிய மாத்துனீங்களா?"

எத்தனை நாளாக இந்த வரியைச் சுமந்துகொண்டு ஊரெல்லாம் நடந்தாளோ. முன்பின் தெரியாதவர்கள் எல்லோரிடமும் அவளுடைய வீரன் இதைக் கேட்டிருப்பான். அவர்களுக்கு என்ன புரிந்திருக்கும்?

மாற்றவில்லை. இந்த வாரம் மாற்றவே இல்லை.

என் வீரன் சொல்லும் வரியைத் திறந்தேன். என்ன எழுதுவது என்று தெரியாமல், விளையாட்டே கொடுத்த 'வணக்கம், பயணியே' என்பதை அப்படியே விட்டிருந்தேன். அவளுக்கும் இந்நேரம் அதுதான் போயிருக்கும், மிசோ என்ற பெயரோடு. அதை அழித்தேன். எழுத்துகள் தப்புத் தப்பாக விழுந்தன. மறுபடி மறுபடி அழித்து எழுதினேன்.

'இப்பப் போய் மாத்திடறேன்.'

அது அவளுக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் அடுத்த வாரமும் இங்கே வந்து நிற்க வேண்டும். அதுவரை இந்தக் கருமத்தைச் சுமந்துகொண்டு அலைந்தாக வேண்டும்.