எல்லாவற்றையும் குறை

முதலில் நிழல்களை அணைத்தாள்.

கம்ப்யூட்டர் விளையாட்டில் துப்பாக்கிச் சண்டை நடக்கும் அந்த ஊரில் இனி மரத்துக்கும் நிழல் கிடையாது, மனுஷனுக்கும் கிடையாது.

அடுத்து, தண்ணீரில் தெரிந்த வானம் போயிற்று. புகை மெலிந்தது. ரெசல்யூஷனை இரண்டு படி இறக்கியதும் வீடுகளெல்லாம் அட்டையில் வெட்டி ஒட்டியவை போல ஆகிவிட்டன. ஆகட்டும், அழகு பார்க்கவா வந்தாள்?

நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று காட்டும் எண் திரையின் மூலையில் முப்பதிலிருந்து ஐம்பதுக்கு ஏறியது. படம் திக்காமல் ஓட அது போதாது.

அவள் லிஃப்ட் மெக்கானிக். பாரம் தாங்காமல் முக்கும் பெட்டியை எப்படி ஏறவைப்பது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். செட்டிங்ஸில் மிச்சமிருந்த அத்தனையையும், பெயரைக்கூடப் படிக்காமல், மளமளவென்று அடிமட்டத்துக்கு இறக்கினாள்.

எண்பத்தெட்டு.

பக்கத்து அறையில் தம்பியின் புது கம்ப்யூட்டர், கலர் கலராக விளக்கெரியும் பெட்டி. இவளுடையது அவன் வேண்டாமென்று கழித்துப்போட்டது. பக்கவாட்டு மூடி காணாமல் போய், மேசை விசிறியின் தயவில் ஓடுகிறது.

கிளப் அணியில் ஒரே ஓர் இடம் காலி. எல்லோரும் தனித்தனியாக ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளும் இன்றைய ஆட்டத்தில் அக்காள் தம்பி இருவரில் கடைசிவரை உயிரோடு இருப்பவருக்கு அது என்று கேப்டன் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த இடத்துக்காக ஆறு வருஷமாகக் காத்திருக்கிறாள். தம்பி விளையாட வந்து முழுசாக எட்டு மாதம் ஆகவில்லை.

ஆட்டம் தொடங்குமுன் அணியில் எல்லோர் காதிலும் விழும்படி மைக்கில் சொன்னான்: "அந்த டப்பாவப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டு, பேசாம நான் ஆடறதப் பாருக்கா."

பார்க்கிறேன்டா, ஒரு கை பார்க்கிறேன் என்று கறுவிக்கொண்டாள்.

இருபது நிமிடத்தில் ஒவ்வொருவராக மண்ணைக் கவ்வினார்கள். இவர்கள் இருவர் மட்டும் மிச்சம்.

குன்றின் மேலேறிக் கீழே பார்த்தாள். மொட்டைத் திடல். ஒரு புதர் இல்லை, ஒரு கல் இல்லை.

அதன் நட்டநடுவில் தம்பி குப்புறப் படுத்திருந்தான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒளிந்துகொள்ளக்கூட மெனக்கெடவில்லை! அக்காதானே, இவள் என்ன கிழித்துவிடப் போகிறாள் என்று வெட்டவெளியில் கால் நீட்டிக் கிடக்கிறான். ஊர் பார்க்க அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

குறி வைத்தாள். படம் துளியும் திக்கவில்லை.

ஒரே தோட்டா.

சுவருக்கு அப்பால் நாற்காலி தடாலென்று பின்னால் போகும் சத்தம். "எப்படிக்கா பாத்தே என்னை?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிடத்தான் அவன் அறைக்குப் போனாள். அவன் செத்துக் கிடந்த இடம் பெரிய திரையில் இன்னும் இருந்தது.

அதே திடல்தான். ஆனால் இவன் திரையில் அது முழுக்க இடுப்பளவு புல், இழை இழையாகக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

மவுஸின் மேல் வியர்வை மினுமினுத்தது.

அவ்வளவு நேரமும் அவளுக்குப் பயந்து, மூச்சு விடாமல் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறான்.

கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டாள். அங்கேயே நின்று, அவன் காதில் விழும்படி கேப்டனுக்குப் போன் போட்டாள்: "செட்டிங்ஸ எல்லாம் இறக்கினதுல என் திரையில புல்லே இல்ல கேப்டன், இந்த ஆட்டத்தக் கணக்குல எடுக்காதீங்க."