பீட்டா எவ்வளவு?

"சிஸ்டர், பீட்டா வந்துட்டா?"

நான்காவது முறையாகக் கேட்டார் இசக்கிமணி.

"இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் சார். மிஷின் ஓடிக்கிட்டு இருக்கு. வந்ததும் நானே கூப்பிடுதேன்" என்றாள் பெர்சிஸ்.

மேலகரத்தில் மெயின் ரோட்டை ஒட்டி இருந்த அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவள்தான் டெக்னீஷியன். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. குற்றாலத்துக்குப் போகும் வேன்கள் பாட்டும் கூச்சலுமாகக் கடந்துபோயின. உள்ளே பெஞ்சில் இசக்கிமணியும் அவர் மனைவி உலகம்மையும் மட்டும். உலகம்மைக்கு முப்பது வயது இருக்கும். ஊசி குத்திய இடத்தில் வைத்த பஞ்சை அழுத்திப் பிடித்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்தம் எப்போதோ நின்றுவிட்டது. அவள் பஞ்சை விடவில்லை.

"போன வாரம் வரைக்கும் திருநெல்வேலியிலதான் எடுத்தோம். இவளுக்கு இனி பஸ்ல அலைய முடியாது. டாக்டரம்மாதான், அங்கனயே எடுத்து நம்பரை மட்டும் போன்ல சொல்லுங்கன்னாவ" என்றார் இசக்கிமணி.

அவர் இலஞ்சியில் பிசிக்ஸ் வாத்தியார். பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைத்துப்போகும். அவருக்குத் திறந்துகொண்டது. டாக்டர் எழுதிய சீட்டில் இருந்த β என்ற எழுத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இந்த ஒரு எழுத்துக்கு எத்தனை வேலை பாத்தீயளா சிஸ்டர்? கிரேக்கத்துல இது ரெண்டாவது எழுத்து. நான் கிளாஸ்ல நடத்தும்போது இது கதிர். எங்க அம்மை நெஞ்சு படபடப்புக்குப் போடுத மாத்திரை பீட்டா பிளாக்கர். என் தம்பி பெங்களூர்ல இருக்கான். முழுசா முடியாம வெளிய விடுத சாஃப்ட்வேரை பீட்டாங்கான். அப்புறம்…"

"கொஞ்சம் சும்மா இருக்கீயளா" என்றாள் உலகம்மை.

அவர் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பெர்சிஸ் மிஷின் இருந்த அறைக்குப் போனாள். அவளுக்குத் தெரிந்து பீட்டாவுக்கு அர்த்தம் ஒன்றுதான். ரத்தத்தில் அந்த எண் ஏறினால் வயிற்றில் பிள்ளை உண்டு, ஏறாவிட்டால் இல்லை. அவளுக்கும் பிரின்சுக்கும் கல்யாணமாகி ஒன்பது வருஷம். மதுரை வரை போய் இரண்டு முறை டெஸ்ட் டியூப் சிகிச்சை எடுத்தாயிற்று. இரண்டு முறையும் தன் ரத்தத்தைத் தானே எடுத்து, இதே மிஷினில் வைத்து, தனியாக நின்று பார்த்தாள். எண் ஐந்தைத் தாண்டினால் போதும் என்று கிடந்தாள். ஒன்றைக்கூடத் தாண்டவில்லை. இரண்டாம் முறை அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, சர்க்கரை பார்க்க வந்த ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுத்தாள். நரம்பு பிடிபடாமல் மூன்று இடத்தில் குத்திவிட்டாள். பாவம், அவர் தானாகவே மறு கையை நீட்டினார்.

போன மாதம், இனி முயற்சி செய்ய வேண்டாம் என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார்.

திரையில் எண் விழுந்தது. 1,840.

பெர்சிஸுக்குப் பொறாமையாக இருந்தது. அடுத்தவர்களுக்கு நல்ல எண் வரும்போதெல்லாம் அப்படித்தான். எண்ணை ரிப்போர்ட்டில் அச்செடுத்தாள். பிறகு முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, ரிப்போர்ட்டோடு வெளியே வந்தாள்.

உலகம்மை எழுந்தே நின்றாள். "குறைஞ்சிருக்கா?"

"ஏன்க்கா அப்படிக் கேக்கீய? ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது!"

இசக்கிமணி பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தார். பார்க்கத் தேவையே இருக்கவில்லை. "போன வாரம் நானூத்திப் பத்து" என்றார்.

"நாலு மடங்கு சார்! நல்லா ஏறியிருக்கு. ஸ்வீட் வாங்கிட்டு வாங்க முதல்ல."

உலகம்மை பெஞ்சில் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள். "உன் வாசல்லயே கிடந்தேனே முருகா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். இசக்கிமணி அவள் கையைப் பிடித்துத் தடுத்தார். அவர் கண்ணிலும் நீர் வழிந்தது. அது சந்தோஷக் கண்ணீர் இல்லை என்பது பெர்சிஸுக்குப் புரிந்தது.

"எத்தனாவது பிள்ளைக்கா இது?"

"எங்களுக்குப் பிள்ளையே இல்ல சிஸ்டர்" என்றார் இசக்கிமணி.

பெர்சிஸுக்குள் ஒன்பது வருஷம் பொங்கியது. வேலை செய்யும் இடம் என்பதுகூட மறந்துபோயிற்று.

"இந்த நம்பர் ஒரே ஒரு தடவை எனக்கு வந்துராதான்னு ஒன்பது வருசமா செத்துக்கிட்டு இருக்கேன். எத்தனை ஊசி, எத்தனை உபவாச ஜெபம்! உங்களுக்கு வந்துருக்கு. அதுக்குப் போயி இழவு வீடு மாதிரி அழுதுக்கிட்டு இருக்கீய. வேண்டாம்னா எனக்குத் தந்துட்டுப் போங்க!"

சொன்ன பிறகுதான் அவளுக்கே திக்கென்றது. இசக்கிமணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். உலகம்மை அவரைக் கையமர்த்தினாள். கோபப்படுவாள் என்று நினைத்தாள் பெர்சிஸ். அவளோ எக்கி, பெர்சிஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த விரல்கள் ஐஸாகச் சில்லிட்டிருந்தன.

"உனக்கு வரவே வேண்டாம், தங்கச்சி. இது யாருக்கும் வர வேண்டாம்" என்றாள். "ஏப்ரல் மாசம் என் வயித்துல இருந்து எடுத்தது பிள்ளை இல்ல, திராட்சைக் கொத்து மாதிரி வெறும் கட்டி. அதை எடுத்த பொறவு இந்த நம்பர் இறங்கி இறங்கிப் பூஜ்யத்துக்கு வரணும், திரும்ப ஏறுச்சுன்னா அது கேன்சர்னு டாக்டரம்மா சொல்லியிருக்காவ."