அடுப்பெரியாத வீடு

மண்சரிவில் கொடைக்கானல் மலைப்பாதை அடைபட்டுக் கிடந்தது. செலினும் அவள் கணவன் டிக்சனும் உள்ளறையில் தாழ்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆபத்துக் காலத்துக்கென்று மாதக்கணக்கில் சேர்த்த அரிசி, பருப்பு, பால்பவுடர், பிஸ்கட் எல்லாம் அங்கே கூரைவரை அடுக்கியிருந்தது. ஊரில் யாருக்கும் தெரியாது.

வாசல் கதவு தட்டப்பட்டது.

"பக்கத்து வீட்டு அடைக்கலமேரி அக்காங்க. பிள்ளைகளுக்குப் பால்பவுடர் கேக்க வந்திருக்கும்" என்று செலின் கிசுகிசுத்தாள்.

"சும்மா இரு. ஒருத்தருக்குக் குடுத்தா ஊரே வந்து நிக்கும்."

"பாவங்க."

"பாவம் பாத்தா நாம என்னத்தத் திங்க?"

"ஏத்தா செலினு, உள்ளதான இருக்க?" வெளியே குரல் பதறியது.

செலின் தாங்காமல் போய்த் திறந்தாள். திறந்ததுமே முந்திக்கொண்டாள்: "எங்ககிட்ட ஒண்ணுமே இல்லக்கா."

"தெரியும்த்தா. உங்க புகைக்கூண்டுல புகையே காணோமே! பட்டினியா கெடக்கீங்களோன்னு மனசு கேக்கல. இந்தா கஞ்சி, வெரசா குடிங்க."

சமையல் வாசம் வெளியே போகக் கூடாதென்றுதான் அவர்கள் விறகடுப்பையே பற்றவைக்கவில்லை.

"உங்களுக்கு இருக்காக்கா?"

"பிள்ளைக குடிச்சிருச்சுக. எனக்கு இன்னைக்கு ஒருசந்தி விரதம்த்தா."

சூடான தூக்குவாளியைச் செலின் வாங்கிக்கொண்டாள். ஒருசந்தி இருக்கும் தவக்காலம் முடிந்து எத்தனையோ மாதமாகிவிட்டது என்று அவளுக்குத் தெரியும்.