ஏழு, எட்டு, ஐந்து

"மூணு பக்க நீளம் போதும் நளீர் நானா. எந்த மூலை எத்தன பாகைன்னு கணக்கே சொல்லிரும். அட்டை வெச்சு அளவெடுக்க அவ்வளவு தூரம் எதுக்குப் போகணும்?"

நிரோஷா சொன்னதைக் கேட்டு நளீர் சிரித்தார். கண்டியில் காபட் கடை போட்டு இருபது வருஷம். கணக்குப் போட்டுக் காபட் வெட்டும் ஆளை அவர் கண்டதே இல்லை. கலகெதரையிலிருந்து பஸ் ஏறி வரும் இந்தப் பெண்ணுக்கோ வேலையில் அன்று நாலாவது நாள்தான்.

நளீரின் கையில் ஒரு துண்டுக் கடதாசி. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட இருக்கும் பளீல் பெரியவர் கொடுத்தனுப்பியது. வீட்டு மாடியில், பாதைக்கும் பாறைக்கும் நடுவே நசுங்கிப்போன ஒரு முக்கோண அறைக்குக் காபட் வேண்டுமாம். கடதாசியில் எழுத்து ஒன்றுகூட இல்லை. மூன்று எண்கள் மட்டும்: 7 8 5.

"வாசல் மூலையில நின்டு, இடது சுவர்லேர்ந்து வரிசையா எழுதினாராம். எல்லாம் அடி" என்றார் நளீர்.

"அப்ப இடது ஏழு, எதிர்ச்சுவர் எட்டு, வலது அஞ்சு."

"ம், வெட்டு. ஆனா புள்ள, பிழைச்சா நாளைக்கு வராத. இந்தப் பச்சைக் காபட்ல மிச்சம் ஈக்கிறதே கொஞ்சம்தான்."

இந்த வேலையும் போனால் முழங்கால் வலியோடு நிரோஷாவின் அம்மா மறுபடி தேயிலைக் கொழுந்து எடுக்கப் போக வேண்டும். ஆனாலும் உயர்தர வகுப்பில் படித்த கோசைன் விதி கைவிடாது. போனில் தட்டினாள். வாசல் மூலை எண்பத்திரண்டு பாகை. மற்றவை அறுபது, முப்பத்தெட்டு. கூட்டினாள். நூற்றெண்பது. காபட்டின் பின்பக்கம் கோடு கீறி, கத்தியை எடுத்தாள்.

பின்னேரம் காபட்டைச் சுருட்டிக்கொண்டு இருவரும் பளீல் வீட்டுக்குப் போனார்கள். மாடிப்படி நெடுகச் சின்னச் சின்னச் செருப்புகள். அவற்றைத் தாண்டி ஏறி, அறையில் காபட்டை விரித்தார்கள்.

பொருந்தவில்லை! ஒரு பக்கம் சுவரில் ஏறிக்கொண்டது, மறுபக்கம் வெறும் சீமெந்து இளித்தது. நளீர் டேப்பைப் பிடித்துக் காபட்டை அளந்தார். ஏழு, எட்டு, ஐந்து. ஓர் அங்குலம் பிசகில்லை.

"மூணு பக்கமும் சரி, மூணு மூலையும் சரி. பிறகு என்னத்துக்குப் பொருந்தல்ல?" என்றார்.

நிரோஷா சட்டென்று காபட்டைக் கவிழ்த்துப் போட்டாள். அச்சொட்டாக உட்கார்ந்தது. என்ன பயன்? பச்சை மயிர் தரையைப் பார்க்க, சணல் முதுகு மேலே தெரிந்தது.

"பாத்தியா! பின்பக்கம் கோடு கீறக்குள்ள இடம் வலம் மாத்த மறந்துட்டாய்!"

"சத்தியமா மாத்தித்தான் கீறினேன் நானா!"

"அப்ப காபட் தானாத் திரும்பிச்சா? நாளைக்கு நீ வர வேணாம்."

அவள் கண் கலங்கிவிட்டது. வேலை போன துக்கம் ஒரு பக்கம், எங்கே பிழைத்தது என்று தெரியாத குடைச்சல் ஒரு பக்கம். வாசல் மூலையில் நின்று அளந்து பார்த்தாள். இடது சுவர் ஐந்தடி! ஓடிப்போய்த் துண்டுக் கடதாசியைப் பளீல் பெரியவரிடம் நீட்டினாள்.

"ஐயா, இடது சுவர் ஏழுன்னுதானே எழுதியிருக்கீங்க?"

பெரியவர் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். "இல்லையே மகள். அஞ்சுன்டுதான் எழுதீக்கிறேன்."

"ஏழுதானேங்க முதல்ல இருக்கு!"

"அஞ்சுதானே மகள் முதல்ல ஈக்கி!"

நளீர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பெரியவர் கடதாசியைச் சுவரில் வைத்து, வலது ஓரத்திலிருந்து இடப்பக்கமாக விரலை நகர்த்தி நிதானமாக வாசித்தார்: "அஞ்சு... எட்டு... ஏழு."

அந்நேரம் பக்கத்து அறையில் பிள்ளைகள் சேர்ந்து அலிஃப், பே, தே என்று அரபு எழுத்துகளை ஓதத் தொடங்கினார்கள்.

"நாப்பது வருஷமா குர்ஆன் ஓதிக் குடுக்கிற கை மகள், வலதுலேர்ந்துதான் போகும்" என்று சிரித்த பெரியவர், நளீரின் பக்கம் திரும்பினார். "இந்தப் புள்ளைக்குத் தெரியாதது சரி. என்னட்டயே ஓதின உனக்கு எங்கடா போச்சு புத்தி?"

நளீர் தலையைச் சொறிந்தார். "நாளைக்கு எட்டு மணிக்கே வந்துரு புள்ள" என்றார், காபட்டைச் சுருட்டியபடி.