பாட்டிலில் வளர்ந்தது

"ஒண்ணு இந்தப் பாட்டில் போகணும், இல்லேன்னா நான் போறேன்" என்று மாடிவீட்டுக்காரி கத்தினாள்.

அவள் புருஷன் கோதுமைத் தவிட்டில் பூஞ்சை வளர்த்து வெனிலா வாசனை எடுக்கிறவர். இடம் போதாமல் சமையலறையிலும் பாட்டில்களை அடுக்கியிருந்தார். எல்லாம் ஐஸ்கிரீம்போல் மணக்க, ஒன்று மட்டும் அவளுடைய செத்துப்போன மாமனாரின் அக்குள் மாதிரி நாறியது.

"எல்லாத்துக்கும் ஒரே தவிடுதானேடி."

"அப்போ உங்கப்பா எப்படி உள்ளே வந்தார்?"

சமாதானம் பேசுகிற சாக்கில் நானும் எட்டிப் பார்த்தேன். சளிபோன்ற படலத்தில் நரைமுடி முளைத்து, எண்ணெய் வழிய, இடப்பக்கம் வகிடெடுத்திருந்தது.

"பெத்தவரைப் போய் எப்படி வீசுறது?" என்றார் மனுஷன்.

அக்கா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. அவர் சலூன்காரர் மகளைக் கட்டிக்கொண்டார். மாதம் தவறாமல் சலூன்காரர் கத்தரியோடு மாடியேறுகிறார். மாப்பிள்ளைக்கோ முழு வழுக்கை.